துபாயில் குடியமர்த்தும் சேவை: அமெரிக்கக் குடும்பங்களை முன்வைத்து ஒரு மதிப்புரை

ஹூஸ்டனிலிருந்து துபாய்க்கு மாற்றலாகி வரும் பொறியாளருக்கு அவருடைய நிறுவனம் செய்துகொடுக்கும் வசதிகளில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று வர விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு அடுத்த இடத்தில் இருப்பது ‘ரீலொகேஷன்’ எனப்படும் குடியமர்த்தும் சேவை. எண்ணெய் வயல்களுக்குக் கருவிகளும் தொழில்நுட்பமும் வழங்கும் துறையில், மனிதவளப் பிரிவில் பணிபுரியும் நான், அமெரிக்காவிலிருந்து வரும் குடும்பங்களுக்காக இச்சேவையை விலை பேசி வாங்கும் இடத்தில் இருக்கிறேன். பல நிறுவனங்களின் தொகுப்புகளை அருகிருந்து பார்த்திருக்கிறேன். பெயரும் விலையும் மாறுகின்றனவே தவிர, நாள் கணக்கும் வேலைப் பட்டியலும் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமல், சேவையின் அமைப்பையே இங்கு மதிப்பிடுகிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவை பயனுள்ளது, சில இடங்களில் இன்றியமையாதது; ஆனால் குடும்பத்துக்கு உதவி மிகக் குறைவாகத் தேவைப்படும் வாரத்தில் அது மிக அதிகமாக வழங்கப்படுகிறது. தொகுப்பு நாள் கணக்கில் விற்கப்படுகிறது. ஐந்து நாள் தொகுப்பென்றால், குடும்பம் துபாய் விமான நிலையத்தில் இறங்கிய நாளுக்குப் பின் வரும் இரண்டு வாரங்களுக்குள் அந்த ஐந்து நாளும் தீர்ந்துபோகும். உண்மையான சிக்கல்கள் அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பாகவும், துபாய்க்கு வந்து இரண்டு மாதம் கழிந்த பின்பும் எழுகின்றன. அந்த இரு காலங்களிலும் அழைத்தால் வர ஆளில்லை.

அண்மையில் வந்த ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு இதை விளக்குகிறேன். கணவர் துளையிடும் தொழில்நுட்பப் பொறியாளர். மனைவி டெக்சாஸ் அரசுப் பள்ளியொன்றில் ஆசிரியை. பதினான்கு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப விசா எடுக்கத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். வேலைக்கான அனுமதிக்குக் கணவரின் பட்டச் சான்றிதழும் பெரும்பாலும் கேட்கப்படும். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்ள வழிசெய்யும் ‘அப்போஸ்டில்’ உடன்படிக்கையில் அமெரிக்கா 1981 முதல் இருக்கிறது. வளைகுடாவில் ஓமன், பஹ்ரைன், சவூதி அரேபியா ஆகியவையும் அதில் சேர்ந்துவிட்டன. அமீரகம் அதில் இல்லாததால், இங்கு வரும் அமெரிக்க ஆவணங்கள் பழைய நீண்ட பாதையில்தான் பயணம் செய்தாக வேண்டும். டெக்சாஸில் பதிவான திருமணமென்றால், கவுண்டி அலுவலகம் தரும் சான்றிட்ட நகல், ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்தின் முத்திரை, வாஷிங்டனில் வெளியுறவுத் துறையின் முத்திரை, அதே ஊரில் அமீரகத் தூதரகத்தின் முத்திரை, கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன்பின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் அரபு மொழிபெயர்ப்பு என்று படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியுறவுத் துறைக்கு அஞ்சலில் அனுப்பினால் அந்த ஒரு படிக்கே பல வாரங்கள் ஆகும். எண்ணெய்த் துறைக் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர்கள் ஊர் ஊராகப் பணியாற்றியவர்கள். மகள் லூசியானாவில் பிறந்திருந்தால் அவளுடைய சான்றிதழ் ஆஸ்டினுக்கே போகாது. பேட்டன் ரூஜில் தொடங்கித்தான் வாஷிங்டனுக்குப் போக வேண்டும். ஆக, ஒரே குடும்பத்தின் நான்கு தாள்கள் இரண்டு மூன்று மாநிலங்களின் வழியாகத் தனித்தனியே நகரும்.

இந்தப் பாதையை முன்கூட்டியே வரைந்து கொடுத்து, ஆவணங்களை உரிய வரிசையில் அனுப்பிவைப்பதுதான் குடியமர்த்தும் நிறுவனம் ஆற்றக்கூடிய ஆகச் சிறந்த பணி. நான் பார்த்த தொகுப்புகளில் இதற்கு ஒதுக்கப்பட்டிருப்பதோ ஒரு மின்னஞ்சலும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் மட்டுமே. சான்றொப்பம் பெறாத திருமணச் சான்றிதழோடு குடும்பம் வந்து இறங்கிவிட்டால், அந்தத் தாளைக் கூரியரில் கடல் தாண்டித் திருப்பி அனுப்பிவிட்டு, மனைவியும் பிள்ளைகளும் வருகையாளர்களாகக் காத்திருக்க நேரிடும். வீடும் வேலையும் பள்ளி இடமும் கைகூடிவந்த நேரத்தில் ஒரு முத்திரைக்காக எல்லாம் நின்றுபோவது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

புறப்படுவதற்கு முன் பேசப்பட வேண்டிய இரண்டாவது பொருள் மருந்து. கவனக்குறைவு மிகைச்செயல் குறைபாட்டுக்காக மருந்து உட்கொள்ளும் பிள்ளைகள் அமெரிக்காவில் மிகப் பலர். நான் சொன்ன குடும்பத்தின் மகனும் அவர்களில் ஒருவன். அமெரிக்காவில் மருத்துவர்கள் பரவலாக எழுதிக்கொடுக்கும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை அமீரகத்தில் மருந்துக் கடையில் கேட்டு வாங்க முடியாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்து வருவதற்கே அமீரக அரசிடம் இணையவழியில் முன் அனுமதி பெற வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த வலி நிவாரணிகளுக்கும் இவ்விதி பொருந்தும். அமெரிக்காவில் இருக்கும்போதே பிள்ளையின் மருத்துவரிடம் பேசி, இங்கு மருத்துவரின் சீட்டோடு கிடைக்கும் மெத்தில்ஃபெனிடேட் வகைக்கு மாறலாமா என்று கேட்டு, அது அவனுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுக் கிளம்புவதே முறை. இந்த உரையாடலை எந்தத் தொகுப்பும் கட்டாயப் படியாக வைப்பதில்லை. ‘தடைசெய்யப்பட்ட பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக அது வருகிறது. பயணப் பரபரப்பில் இருக்கும் பெற்றோர் தம் பிள்ளையின் அன்றாட மருந்தை அந்த வரியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது பொருள் வரி. எல்லா நிறுவனங்களின் கையேட்டிலும் ‘வரியில்லாத வருமானம்’ என்ற சொற்றொடர் தவறாமல் இடம்பெறுகிறது. பிரிட்டிஷாருக்கோ இந்தியருக்கோ அது ஓரளவு பொருந்தலாம். அமெரிக்கருக்கு அது தவறான தகவல். தன் குடிமக்கள் உலகில் எங்கிருந்து சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கும் நாடு அமெரிக்கா. ஏதேனும் தொடர்ச்சியான 12 மாதங்களில் 330 முழு நாள்கள் வெளிநாடுகளில் இருந்தவர், 2025ஆம் ஆண்டு வருமானத்தில் 1,30,000 டாலர் வரை விலக்குக் கோரலாம். வீட்டு வாடகைக்குத் தனியாக ஒரு விலக்கும் உண்டு. ஆனால் விலக்குப் பெறுவதற்கும் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். நிறுவனம் கட்டும் பள்ளிக் கட்டணமும் வருமானமாகவே கணக்கிடப்படும் என்பதால், மூத்த பொறியாளர் ஒருவர் அந்த வரம்பைத் தாண்டுவது அரிதான செய்தியன்று. அமீரக வங்கிக் கணக்குகளில் இருக்கும் தொகை ஆண்டின் எந்த ஒரு நாளிலும் மொத்தமாக 10,000 டாலரைக் கடந்தால், அதைத் தனி அறிக்கையாக அமெரிக்க நிதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2010இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி இங்குள்ள வங்கிகளும் அமெரிக்கரின் கணக்குகளைப் பற்றித் தகவல் அனுப்புகின்றன. கணக்குத் தொடங்கும்போதே கூடுதல் படிவம் ஒன்றில் கையொப்பம் கேட்பது இதனால்தான். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்று, டெக்சாஸிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் துபாய்க்கு மாறிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவை அனைத்தும் அப்படியே பொருந்தும். வரி ஆலோசனை தருவது குடியமர்த்தும் நிறுவனத்தின் வேலை இல்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆயினும், ‘உங்கள் நாட்டு வரிக் கணக்கரிடம் புறப்படும் முன் பேசுங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தை அச்சிட எந்தச் சிறப்பு அறிவும் தேவையில்லை.

சரக்குப் பெட்டகத்தில் எதை ஏற்றுவது என்ற ஆலோசனையில் நிறுவனங்கள் நன்றாகவே செயல்படுகின்றன. அமெரிக்காவின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே அதைப்போல ஏறத்தாழ இருமடங்கு வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிரிட்டிஷ் பாணி மூன்று முனைச் செருகி. கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் இரண்டிலும் இயங்கும். மாவு பிசையும் இயந்திரமும் துணி துவைக்கும் இயந்திரமும் இயங்கா. இதை முன்னரே சொல்லி, அவற்றை விற்றுவிட்டு வரச் செய்வதால் பல குடும்பங்களுக்குக் கப்பல் கூலி மிச்சமாகியிருக்கிறது.

வந்து இறங்கிய முதல் வாரத்தின் அரசுப் பணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அமீரக அரசே அவற்றை எளிமையாக்கிவிட்டது. இரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேவும் பெரியவர்களுக்கு மட்டுமே. கைரேகை கொடுத்த சில நாள்களில் 784 என்று தொடங்கும் பதினைந்து இலக்க எண்ணோடு ‘எமிரேட்ஸ் ஐடி’ எனப்படும் அடையாள அட்டை வந்துவிடுகிறது. அமெரிக்க ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் கண் பரிசோதனை செய்துகொண்டு அதைத் துபாய் உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய உரிமத்தோடு வருபவர் வகுப்புகளில் சேர்ந்து, சாலைத் தேர்வில் தேற வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சலுகை என்பது இங்குள்ள தமிழர் அனைவருக்கும் தெரியும். இப்பணிகளுக்கு, வேலை கொடுத்த நிறுவனத்தில் அரசு அலுவலக வேலைகளைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ. ஒருவரே போதும். ஒரு குடியமர்வு ஆலோசகர் நாள் முழுவதும் உடன் நின்று, அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதற்கு நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீடு தேடும் பணியில்தான் இச்சேவை தன் விலைக்கு முழுத் தகுதி பெறுகிறது. இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. குடும்ப விசாவுக்கு ‘எஜாரி’ எனப்படும் வாடகைப் பதிவு வேண்டும். எஜாரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்குப் பின்தேதியிட்ட காசோலைகள் வேண்டும். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்குக் கணவரின் எமிரேட்ஸ் ஐடி வேண்டும். மாதந்தோறும் வாடகை கட்டிப் பழகிய அமெரிக்கக் குடும்பத்துக்கு, ஓராண்டு வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நான்கு காசோலைகளில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது என்பதே புதிது. கணவரை முன்னதாக வரவழைத்து ஐடி எடுக்கச் செய்வது, முதல் தவணையை நிறுவனத்தின் வழியே கட்டுவது, அதுவரை குடும்பத்தைத் தற்காலிக அடுக்ககத்தில் தங்கவைப்பது என்று இந்த முடிச்சை வரிசை மாறாமல் அவிழ்க்கத் தெரிந்த ஆலோசகர் கிடைத்தால், அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீணாகாது.

பண விவரத்தை முதல் நாளிலேயே ஒரே தாளில் எழுதிக் காட்டுவதும் அவருடைய பொறுப்பு. ஆண்டு வாடகை 2,40,000 திர்ஹாம், அதாவது ஏறத்தாழ 65,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு காசோலைகளில் முதலாவது 60,000. வீட்டுக்காரரிடம் கட்டும் ஐந்து விழுக்காட்டு வைப்புத்தொகை 12,000. தரகருக்கு வழக்கமான ஐந்து விழுக்காடும் அதன்மேல் மதிப்புக் கூட்டு வரியும் சேர்த்து 12,600. தனி வில்லாவுக்கு மின்சாரம், தண்ணீர் வாரியமான தேவாவிடம் கட்டும் முன்பணம் 4,000. ஆக, சாவி கைக்கு வரும் முன்பே 88,600 திர்ஹாம் வெளியே போயிருக்கும். அதன்பின் மாதாமாதம் வரும் தேவா ரசீதில், ஆண்டு வாடகையின் ஐந்து விழுக்காடு பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டு நகராட்சி வீட்டுக் கட்டணமாகச் சேர்ந்திருக்கும். இந்த எடுத்துக்காட்டில் அது மாதம் 1,000 திர்ஹாம். சில்லர் விவகாரம் இதற்கும் மேல். பல கோபுரக் கட்டடங்களில் குளிரூட்டல் தனி நிறுவனத்திடமிருந்து குழாய் வழியே வருகிறது. அதற்குத் தனி முன்பணம், தனி ரசீது. கோடையில் குடும்பம் ஊருக்குப் போயிருந்தாலும் கொள்ளளவுக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். ‘சில்லர் ஃப்ரீ’, அதாவது குளிரூட்டலுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று விளம்பரத்தில் உள்ள வீடும் அப்படி இல்லாத வீடும் ஒரே வாடகையில் இருந்தால், இரண்டும் ஒரே விலையுடையவை என்று கொள்ளக் கூடாது.

நல்ல ஆலோசகர் ஒருவரை அரேபியன் ராஞ்சஸ், ஸ்பிரிங்ஸ், மெடோஸ் ஆகிய வில்லாக் குடியிருப்புகளில் வீடு காட்டியபோது கவனித்தேன். சமையலறையின் அழகைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. காவலாளியிடம் நின்று, 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று விசாரித்தார். 2017இல் ஹார்வி புயலின் வெள்ளத்தை ஹூஸ்டனில் கண்ட அந்தத் தம்பதியருக்கு, வேறெந்த விளக்கத்தையும்விட அந்தக் கேள்வி நம்பிக்கை அளித்ததை அவர்கள் முகத்தில் பார்த்தேன். அடுத்து அவர் வாடகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தார். துபாய்ச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையை மாற்ற விரும்பும் வீட்டுக்காரர் 90 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை 2013ஆம் ஆண்டின் 43ஆம் ஆணை சந்தை வாடகையோடு ஒப்பிட்டு அடுக்கடுக்காக வரையறுக்கிறது. வீட்டை விற்கவோ தாமே குடியேறவோ விரும்பினால் 12 மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆனால் குடியிருப்பவர் ஆண்டின் நடுவில் விலகிக்கொள்ளச் சட்டம் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. எண்ணெய் விலை சரிந்தால் மூன்று மாத அறிவிப்பில் ஊர் திரும்ப நேரிடும் துறையில், இரண்டு மாத வாடகையை ஈடாகக் கொடுத்து விலகலாம் என்ற ஒரு வரியின் மதிப்பு மிகப் பெரிது. அந்த வரியை அவர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். எல்லா ஆலோசகரும் இப்படி இருப்பதில்லை. சிலர் தரகரோடு சேர்ந்து வீடுகளைச் சுற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பள்ளி விஷயத்தில் சேவையின் தரம் சட்டெனக் கீழே இறங்குகிறது. மூன்று பள்ளிகளின் பெயர், கட்டணம், கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ. வழங்கிய தர மதிப்பீடு, ஒரு சுற்றிப்பார்க்கும் நாள் என்பதோடு தொகுப்பு முடிகிறது. தர மதிப்பீடு இணையத்தில் எல்லோருக்கும் கிடைப்பது. அதற்கு ஆலோசகர் தேவையில்லை. குடும்பத்தின் கேள்விகள் வேறு. பதினான்கு வயது மகள் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் இருக்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டு முதல் மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்கின்றன. அவள் சேரும் பள்ளிக்கு அமெரிக்காவின் அங்கீகார அமைப்பு ஒன்றின் சான்று இருக்கிறதா, டெக்சாஸில் முடித்த பாடங்களுக்குரிய கிரெடிட் முழுமையாக ஏற்கப்படுமா, அவள் விரும்பும் மேம்பட்ட நிலைப் பாடங்கள் அங்கே நடத்தப்படுகின்றனவா என்பனவே அறியப்பட வேண்டியவை. தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபு மொழி கட்டாயப் பாடம் என்பதையும், ஓரெழுத்தும் அறியாத பிள்ளை அந்த வகுப்பில் எந்த நிலையில் அமர்த்தப்படுவாள் என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அல் பர்ஷாவில் உள்ள, 1966இல் தொடங்கிய அமெரிக்கன் ஸ்கூல் ஆஃப் துபாய் போன்ற நெடிய வரலாறுடைய பள்ளிகள் இருக்கின்றன. அமெரிக்கப் பாடத்திட்டம் என்ற பெயரில் அண்மையில் தொடங்கியவையும் இருக்கின்றன. இடம் காலியில்லை என்ற நிலையில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்குப் போக நேர்ந்தால், அங்கே ‘இயர் 10’ என்பது அமெரிக்காவின் ஒன்பதாம் வகுப்பு என்ற அடிப்படைக் கணக்கைக்கூட ஓர் ஆலோசகர் தடுமாறிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

மகனின் நிலை இதைவிடக் கடினமானது, நான் மிகுந்த அக்கறையோடு எழுத விரும்புவதும் அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் 1973, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்கள், கற்றலில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அரசுப் பள்ளியே செலவின்றி அவ்வுதவியைத் தர வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. டெக்சாஸில் அவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை, வாரந்தோறும் சிறப்பாசிரியருடன் தனி வகுப்பு ஆகியவை எழுத்துப்பூர்வமான திட்டமாகவே இருந்தன. அமீரகத்தில் இத்தகைய பிள்ளைகளை ‘மன உறுதி கொண்டோர்’ என்று மதிப்போடு அழைக்கிறார்கள். பள்ளிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் கொள்கையாக இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளிகளில். அங்கே துணையாசிரியர் ஒருவரைத் தனியே அமர்த்த வேண்டுமென்றால் அந்தச் செலவு பெரும்பாலும் பெற்றோரின் தலையில் விழுகிறது. பணி ஒப்பந்தத்தில் உள்ள பள்ளிக் கட்டண வரம்பு அதை உள்ளடக்குவதில்லை. இதை வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் தெரிந்துகொண்டால் சம்பளப் பேச்சில் சேர்த்துவிடலாம். பள்ளி திறந்த மூன்றாவது வாரத்தில் தெரிந்துகொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. குடியமர்த்தும் நிறுவனங்கள் தங்கள் வினாத்தாளில் ‘பிள்ளைக்குச் சிறப்புத் தேவை உண்டா’ என்ற கட்டத்தை வைத்திருக்கின்றன. அதில் குறியிட்ட பின் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் ஆளும் இல்லை, வழிமுறையும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளிப் பகுதிக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண் தருகிறேன்.

‘அறிமுக நாள்’ என்று ஒரு முழு நாள் தொகுப்பில் இருக்கிறது: பேரங்காடிகள், மருத்துவமனை, மெட்ரோ, ‘சாலிக்’ சுங்க வாயில்கள். பயணக் களைப்பு தீராத பிள்ளைகளைக் காரில் ஏற்றி நகரைச் சுற்றிக் காட்டுவதால் பயன் குறைவு. அன்று சொல்லப்படுபவற்றில் சட்டங்களைப் பற்றிய அரை மணி நேரம் மட்டும் உண்மையிலேயே தேவையானது. அனுமதியின்றிப் பிறரைப் படமெடுப்பதும், கோபத்தில் அனுப்பும் வசைச் செய்தியும் இங்கே குற்றமாகலாம் என்பது அமெரிக்கருக்கு இயல்பாகத் தோன்றாது. வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துவோர் உரிய விசாவோடுதான் அமர்த்த வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய ஓய்வும் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பும் சட்டப்படி கட்டாயம் என்பதையும் அன்று தெளிவாகச் சொல்லும் நிறுவனங்களைப் பாராட்டுகிறேன்.

அதன்பின் வருவது இரண்டாம் மாதம். பள்ளி ஆகஸ்ட் இறுதியில் திறப்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் குடும்பங்களைக் கோடையில் கொண்டுவருகின்றன. வெளியே வெப்பம் 45 பாகையைத் தொடும். பூங்காக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். அக்கம்பக்கத்தார் ஊருக்குப் போயிருப்பார்கள். கணவர் வேலையிலோ எண்ணெய் வயலிலோ இருக்க, மனைவி இரண்டு பிள்ளைகளோடு குளிரூட்டிய வீட்டுக்குள் நாள்களைத் தள்ளுவார். ஹூஸ்டனில் உள்ள பாட்டியுடன் பேசலாமென்றால், அங்கு பழகிய வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் அழைப்புகள் இங்கே இயங்குவதில்லை. அனுமதிக்கப்பட்ட செயலிகளைப் பாட்டியின் கைபேசியிலும் முன்பே நிறுவியிருக்க வேண்டும். ஒன்பது மணி நேர வேறுபாட்டில், பிள்ளைகள் காலையில் எழும்போது அங்கே இரவு பத்து மணி. பதினைந்து ஆண்டு வகுப்பறையில் நின்ற ஓர் ஆசிரியை திடீரென்று ‘உடன் வந்தவர்’ என்ற நிலைக்கு மாறுவதன் பாரம் அந்த மாதத்தில்தான் தெரிகிறது. கணவரின் விசாவில் இருக்கும் மனைவியும் தனி வேலை அனுமதி பெற்றுப் பணிபுரியலாம். அமெரிக்க ஆசிரியர் சான்றிதழுக்கு இங்குள்ள பள்ளிகளில் நல்ல மதிப்பும் உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழும் மேலே சொன்ன ஆஸ்டின், வாஷிங்டன் பாதையில் முத்திரை வாங்கி வந்திருக்க வேண்டும். புறப்படும் முன் எவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனெனில் பட்டியல் கணவரின் வேலையை மட்டுமே மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்டது. குடும்பம் ஒன்று ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே திரும்பிப் போகிறதென்றால், காரணம் பெரும்பாலும் கணவரின் வேலையில் இருப்பதில்லை. இந்த மாதங்களில்தான் இருக்கிறது. அப்போது ஆலோசகரின் கோப்பு ‘நிறைவடைந்தது’ என்று மூடப்பட்டிருக்கும்.

ஆகவே இச்சேவையை வாங்கும் நிறுவனங்களுக்கும், தாமே பணம் கட்டி வாங்கும் குடும்பங்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஐந்து நாள் தொகுப்பை அப்படியே ஏற்காதீர்கள்; நாள்களை மணிகளாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், பல நிறுவனங்கள் கேட்டால் இணங்குகின்றன. அறிமுக நாளையும் அரசு அலுவலகங்களுக்கு உடன்வரும் நாளையும் விட்டுவிடலாம். அந்த மணிகளில் ஒரு பகுதியைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பாக, மனைவியும் கலந்துகொள்ளும் இரண்டு மூன்று காணொளி உரையாடல்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். வீடு தேடும் இரண்டு நாளை முழுமையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் தரகரிடமிருந்து பங்கு பெறுவதில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். மிச்ச மணிகளைப் பள்ளி திறந்த பிறகு, அக்டோபர் வரை குடும்பம் விரும்பும்போது அழைத்துப் பயன்படுத்தும்படி வைத்திருங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளை இருந்தால், பொது ஆலோசகருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் துபாய்ப் பள்ளிகளின் சேர்ப்பு நடைமுறை அறிந்த கல்வி உளவியலாளர் ஒருவருக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

திரும்பிப் போகும் காலத்துக்கான உதவியையும் இப்போதே விலை பேசிவிடுங்கள். வீட்டு வைப்புத்தொகையை மீட்பது, தேவாவின் இறுதி ரசீதைத் தீர்ப்பது, வங்கிக் கணக்கை மூடுவது, குடும்பத்தின் விசாக்களைக் கணவரின் விசாவுக்கு முன்னால் ரத்துசெய்வது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை அமெரிக்கப் பள்ளி ஏற்கும் வடிவில் பெறுவது ஆகியவற்றுக்குத் தனித் தொகுப்பு விற்கிறார்கள். மாற்றல் கடிதம் வந்த பிறகு வாங்கப் போனால் பேரம் பேச நேரம் இருக்காது.